ஆறாவது நிபந்தனை

“அவளை எவனும் ஏமாத்த முடியாது. வந்து அவகிட்டயே கேளு.”

உங்கள் வீட்டுக்காரர் உங்களிடம் போனில் இதைச் சொன்னபோது நான் ரெக்கார்டு ரேக்குக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன், டீச்சர். ஒட்டுக் கேட்கவில்லை. பழைய இன்ஷூரன்ஸ் கிளெய்ம் ஃபைல் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன், காதில் விழுந்தது. சிவப்பிரகாசம் அண்ணன் நல்லவிதமாகத்தான் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் கையில் இருந்த ஃபைலை எந்தத் தட்டில் வைப்பதென்று தெரியாமல் போயிற்று.

உட்காருங்கள். அந்த நாற்காலி ஆடும், இதில் உட்காருங்கள். சாப்பாட்டு நேரம் முடிய இன்னும் நாற்பது நிமிஷம் இருக்கிறது.

ஏற்காட்டில் ஒரு வாரம், இல்லையா? டைம்ஷேர், அதாவது வருஷத்துக்கு ஒரு வாரம் ரிசார்ட்டில் தங்குகிற உரிமை. கிளப்பில் மெம்பராக இருக்கிறவரிடமிருந்து நேராக எடுக்கப் போகிறீர்கள். அட்வான்ஸ் கொடுத்தாயிற்றா? இன்னும் இல்லை. சரி.

கேட்க வேண்டியதையெல்லாம் சொல்கிறேன். மெம்பர்ஷிப் அட்டையின் நகலைக் கேளுங்கள். அந்த வருஷத்துப் பராமரிப்புக் கட்டணம் கட்டிய ரசீதைக் கேளுங்கள், கட்டாமல் விட்டிருந்தால் ரூம் கிடைக்காது. ரிசார்ட்டுக்கு நீங்களே போன் போட்டு, அந்தத் தேதிக்கு அந்தப் பெயரில் புக்கிங் இருக்கிறதா என்று விசாரியுங்கள். தங்கப்போகிறவர்கள் என்று உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். பாதிப் பணம் இப்போது, பாதி சாவி கைக்கு வந்த பிறகு. நான் இவ்வளவும் செய்தேன். ஒன்று விடாமல் செய்தேன். அதனால்தான் இந்த ஆபீசில் எனக்கு இப்படி ஒரு பெயர்.

போன வருஷம் மே மாதம். எங்கள் அக்கா சுமித்ராவைப் பொள்ளாச்சியில் கொடுத்திருக்கிறோம். அவள் மாமியாரை நாங்கள் சம்பந்தியம்மா என்போம். வாயைத் திறந்தால் ஊசி குத்துகிற மாதிரி பேசுவார். சுமித்ராவின் வளைகாப்புக்கு வந்தபோது எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, “எங்க பெரிய மருமவ வீட்டுல வருசா வருசம் எங்களை ஊட்டி, மூணாருன்னு கூட்டிட்டுப் போயிருவாங்க. நமக்கு அதெல்லாம் எதுக்குங்க சம்பந்தி, ரெண்டு வாய்ச் சோறு நிம்மதியா கெடைச்சாப் பத்தாதா” என்றார். அம்மா சிரித்தார். அன்று ராத்திரி அம்மா சாப்பிடவில்லை.

குழந்தை பிறந்து, அது தவழ ஆரம்பித்ததும் நான் சொன்னேன், எல்லோருமாகக் கொடைக்கானல் போகலாம் என்று. மே மாதத்துக் கொடைக்கானல் எங்கள் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது. அப்போதுதான் இணையத்தில் இந்த விளம்பரத்தைப் பார்த்தேன். ‘எனது வாரத்தைத் தருகிறேன். இரண்டு படுக்கையறை, சமையலறை உண்டு. குடும்பத்தினர் மட்டும். தெய்வசிகாமணி, தாராபுரம்.’ நல்ல தமிழில் எழுதியிருந்தார். அதுவே எனக்குச் சந்தேகம்.

எனக்குப் பேச வராது, டீச்சர். உங்களிடம் இவ்வளவு பேசுகிறேன் என்றால் நீங்கள் இதற்கென்று வந்திருக்கிறீர்கள், அதனால். பஸ்ஸில் சில்லறை தராவிட்டால்கூடக் கேட்க மாட்டேன், இறங்கிவிடுவேன். பேச வராததால் எதையும் எழுதி வாங்கிவிடுவேன். எழுத்தில் இருந்தால் யாரிடமும் குரலை உயர்த்த வேண்டியதில்லை பாருங்கள். நாள் முழுக்க ஆஸ்பத்திரி பில்லையும் டாக்டர் சீட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிற வேலை. ஒரு தேதி முன்பின்னாக இருந்தாலும் என் கண்ணுக்குத் தட்டுப்படும்.

தெய்வசிகாமணி போனை எடுத்ததும் “சொல்லுங்க அம்மிணி” என்றார். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கோயம்புத்தூரில் ஒரு ஓட்டலில் இலவச விருந்து என்று கூப்பிட்டிருக்கிறார்கள். போனால் நாலு மணி நேரம் உட்கார வைத்துப் பேசி, இருபத்தைந்து வருஷத்துக்கு இதை விற்றுவிட்டார்கள். “சோத்தைத் தின்னுப்போட்டு வேண்டாம்னு எந்திரிச்சு வர்றதுக்கு எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சுங்க அம்மிணி” என்றார். இரண்டு தடவை அவரும் சம்சாரமும் போய்வந்தார்களாம். அப்புறம் அந்த அம்மாவுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. ஆறு வருஷமாகப் படுக்கை. வாரத்தை யாருக்காவது கொடுத்தால்தான் பராமரிப்புக் கட்டணம் கட்ட முடிகிறது. கட்டாவிட்டால் மெம்பர்ஷிப் போய்விடும்.

“போனாப் போகட்டும்னு விட்றலாமுங்களே” என்று கேட்டேன். சும்மா கேட்டேன்.

“இல்லீங்க. அது தலவாணிக்குக் கீழ அந்தக் கார்டை வெச்சிருக்குது. சீசன் வந்தா, போலாமான்னு கேக்கும். அடுத்த வருசம் போலாம்னு சொல்லுவேன். கார்டு இருக்கற வரைக்கும் அப்படிச் சொல்லலாம் பாருங்க.”

உங்களுக்கு என்ன தோன்றுகிறது? கண் கலங்குகிறது, இல்லையா? எனக்கு என்ன தோன்றியது, சொல்லட்டுமா? விளம்பரம் போட்டு ஏமாற்றுகிறவர்கள் எப்படியெல்லாம் பேசுவார்கள் என்று ஒரு பட்டியல் படித்து வைத்திருந்தேன். அதில் முதல் வரியே, வீட்டில் நோயாளி இருப்பதாகச் சொல்வார்கள் என்பதுதான்.

அட்டை நகல் கேட்டேன், அனுப்பினார். ரசீது கேட்டேன், அனுப்பினார். ஆதார் அட்டை கேட்டேன். அதற்கு மட்டும் ஒரு நாள் ஆயிற்று. நகல் எடுக்கிற கடை பூட்டியிருந்ததாம். அந்த ஒரு நாளும் நான் தூங்கவில்லை. ரிசார்ட்டுக்குப் போன் போட்டேன். புக்கிங் சரியாக இருந்தது. எல்லாம் சரியாக இருந்தது. அப்படியும் அந்தப் பட்டியலின் முதல் வரி என் மனசை விட்டுப் போகவில்லை.

“சார், தப்பா நெனைக்காதீங்க. ஒரு தடவை வீடியோ கால்ல அம்மாவைக் காட்ட முடியுங்களா?” என்று எழுதி அனுப்பினேன். எழுதித்தான் அனுப்பினேன். வாயால் கேட்டிருக்க மாட்டேன்.

சாயங்காலம் அவரே வீடியோவில் கூப்பிட்டார். நான் என் பக்கத்துக் கேமராவை அணைத்து வைத்திருந்தேன். முன்பின் தெரியாத ஆண், நம் முகத்தைக் காட்டக் கூடாது என்று அதே பட்டியலில் இருந்தது. அவர் போனைத் திருப்பினார். இரும்புக் கட்டில். அந்த அம்மாவுக்குப் புதுசாகப் பவுடர் போட்டு, பொட்டு வைத்து, தலையை வாரி விட்டிருந்தார். ஒரு பக்கம் வகிடு கோணியிருந்தது. ஆண் கை வாரினது என்று பார்த்ததும் தெரிந்தது. போர்வை விலகியிருந்த இடத்தை ஒரு கை வந்து இழுத்துவிட்டது. “கொடைக்கானலுக்குப் போற புள்ளை பேசுது, பாரு” என்றார். அந்த அம்மா போனைப் பார்த்தார். அவர் பார்த்தது கறுப்புத் திரையைத்தான். அதைப் பார்த்தே சிரிக்க முயன்றார், பாதி முகம்தான் வந்தது.

நான் “சரிங்க சார், தேங்க்ஸ்” என்று வைத்துவிட்டேன். வைப்பதற்கு முன்னால் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். ஃபைலுக்காக.

இந்த இடத்தில் நிறுத்திவிடலாம் என்று இருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்க வந்தது இது இல்லையே.

ஒப்பந்தம். ஏழு நிபந்தனைகள் எழுதி அனுப்பினேன், பத்திரத்தில் அவர் கையெழுத்தில் எழுதித் தர வேண்டும் என்று. அவர் போன் போட்டார். “அம்மிணி, கிளப்புல வாடகைக்கு விட்டதாத் தெரிஞ்சா மெம்பர்ஷிப்பையே எடுத்துருவாங்க. கெஸ்ட்டுன்னுதான் அனுப்ப முடியும். சொந்தக்காரங்கன்னா இன்னும் நல்லது. நீங்க கேக்கறதுல தப்பில்லீங்க. ஆனா ஒப்புதல் கடிதம்னு எழுதித் தர்றேனுங்களே. வாடகைங்கற வார்த்தை வேண்டாம்.”

அவர் சொன்னதை நான் கேட்டேன், டீச்சர். கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தப்பிக்க வழி வைத்துக்கொள்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது. ஒப்புதல் கடிதம் என்று கூரியரில் வந்ததைத் திருப்பி அனுப்பினேன். ‘வாடகை ஒப்பந்தம்’ என்று தலைப்பு இருந்தால்தான் அட்வான்ஸ் என்று எழுதினேன். நாலு நாள் கழித்து, ரிசார்ட்டில் காட்ட ஒரு கெஸ்ட் லெட்டரோடு வேறு பத்திரம் வந்தது. தாலுகா ஆபீஸ் தெருவில் இன்னொரு தடவை வரிசையில் நின்று வாங்கியிருப்பார். ஏழு நிபந்தனையும் முத்து முத்தாக எழுதியிருந்தார். வாடகை என்ற வார்த்தை நாலு இடத்தில் இருந்தது. ஓரத்தில் பென்சிலால் சின்னதாக, ‘அங்கே காட்ட வேண்டாம் அம்மிணி’ என்று எழுதியிருந்தார்.

வீட்டில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா சம்பந்தியம்மாவிடம் வேறு மாதிரி சொல்லிவிட்டார். “எனக்கு அண்ணன் முறை ஆகோணும்ங்க. அவருக்கு அங்க சொந்தமா பங்கு இருக்குது. வந்து தங்கச் சொல்லி ஒரே தொந்தரவு.” அம்மாவோடு கூடப் பிறந்தவர் யாரும் இல்லை. பக்கத்தில் நின்று நானும் தலையாட்டினேன்.

அப்பாவுக்குக் கடை. அதனால் வரவில்லை. நாங்கள் ஐந்து பேரும் குழந்தையும் வேனில் போனோம். பன்னிரண்டு மணிக்கு ரிசார்ட்டில் இறங்கினோம். மூடுபனி வாசல் வரைக்கும் வந்து நின்றிருந்தது. சம்பந்தியம்மா நின்று பார்த்துவிட்டு, “பரவால்லீங்களே சம்பந்தி, உங்க அண்ணன் பெரிய ஆளுதான்” என்றார். அம்மா முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. அந்த ஒரு நிமிஷத்துக்கே கொடுத்த பணம் சரியாகப் போயிற்று.

வரவேற்பு மேஜையில் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். சட்டையில் ஜெபமலர் என்று பெயர் குத்தியிருந்தது. “மெம்பரோட கெஸ்ட் லெட்டரும் உங்க ஐடியும் குடுங்க மேடம்” என்றாள். எனக்குப் பின்னால் வரிசையில் ஆட்கள். எல்லோரும் என் முதுகைப் பார்க்கிற மாதிரி இருந்தது. எனக்கு அப்படி ஆகும். கெஸ்ட் லெட்டர் எது என்று தேடி எடுத்துக் கொடுக்கக் கை வரவில்லை. முழு ஃபைலையும் அப்படியே அவளிடம் நீட்டிவிட்டேன்.

ஆமாம். முழு ஃபைலையும்.

தப்பு எங்கே என்று இப்போது எனக்குத் தெரியும். கொடுக்க வேண்டிய காகிதத்தையும் நம் காகிதத்தையும் ஒரே ஃபைலில் வைக்கக் கூடாது. நீங்கள் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் ஒவ்வொன்றாகத் திருப்பினாள். அட்டை. ரசீது. ஆதார். அப்புறம் அந்தக் கலர் பிரிண்ட். கட்டிலில் அந்த அம்மா. ஜெபமலர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். சம்பந்தியம்மா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். “இதாருடி?” என்றார். அதற்குள் அடுத்த தாள் வந்துவிட்டது. அவள் அதைச் சத்தமாகவே படித்தாள், வேண்டுமென்று இல்லை, பழக்கத்தில். “வாடகை ஒப்பந்தம்…”

மேனேஜரைக் கூப்பிட்டாள். டை கட்டிய இளைஞர், மரியாதையாகத்தான் பேசினார். மெம்பர் தன் வாரத்தைச் சொந்தக்காரருக்கும் நண்பருக்கும் தரலாம், பணத்துக்கு விடக்கூடாது, விட்டால் மெம்பர்ஷிப் ரத்து, அது கிளப்பின் சட்டம் என்றார். எல்லாம் எனக்கு முன்னமே தெரிந்ததுதான்.

சோபாவில் உட்கார வைத்தார்கள். சம்பந்தியம்மா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார். “ஏனுங்க சம்பந்தி, உங்க பக்கத்துல அண்ணன் தங்கச்சிகிட்ட பத்திரம் எழுதித்தான் வாடகை வாங்குவாருங்களா? எங்க பக்கத்துல சும்மா கூட்டிட்டுப் போயிருவாங்க.” அம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். சுமித்ரா என்னை முறைத்தாள். அவள் வீட்டுக்காரர் வெளியே போய் நின்றுகொண்டார்.

மேனேஜர் அங்கேயே தெய்வசிகாமணிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். “சார், வந்திருக்கறவங்க உங்களுக்கு யாரு?”

“என் தங்கச்சி குடும்பமுங்க” என்றார் அவர். யோசிக்கவே இல்லை.

“உங்க கையெழுத்துல வாடகைப் பத்திரம் ஒண்ணு என் கையில இருக்கு சார்.”

அந்தப் பக்கம் எங்கோ குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், “அந்த அம்மிணிகிட்டக் குடுங்க” என்றார்.

போனை என் கையில் கொடுத்தார்கள். ஸ்பீக்கர் அணைக்கவில்லை. அவர் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை. “சாப்ட்டீங்களா அம்மிணி?” என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தேன். “ஆறாவது நிபந்தனைப்படி, தங்க அனுமதி மறுக்கப்பட்டால் இருபத்து நாலு மணி நேரத்துக்குள்ள முழுத் தொகையையும் திருப்பித் தரணும் சார்.”

முழுக்கப் படித்தேன். அத்தனை பேர் முன்னால் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

“வர்றேனுங்க” என்றார். “அதுக்கு ரெண்டு வாய் ஊட்டிப்போட்டு, பக்கத்து வீட்டுல சொல்லிப்போட்டு வர்றேன். பழனி வந்து மாறோணும். அஞ்சு மணி ஆயிரும். அங்கயே இருங்க.”

மேனேஜர் போனை வாங்கிக்கொண்டு குரலைத் தாழ்த்திச் சொன்னார். “மேடம், பெரியவரா இருக்காரு. நான் இன்னும் மேல எதுவும் அனுப்பல. அந்தப் பேப்பரை நீங்களே கிழிச்சுப் போட்டுட்டு, மாமா முறைன்னு ரிஜிஸ்டர்ல எழுதிடுங்க. நான் பார்க்கலைன்னு வெச்சுக்கறேன்.”

ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். அம்மா என்னைப் பார்த்தார். நான் கணக்குப் போட்டேன். கிழித்த பிறகு ரூம் இல்லை என்று சொல்லிவிட்டால்? பணமும் வராவிட்டால்? என்னிடம் என்ன ஆதாரம் இருக்கும்?

“முதல்ல சாவி குடுங்க” என்றேன்.

“அவரே வரட்டும் மேடம்” என்று மேனேஜர் உள்ளே போய்விட்டார்.

ஐந்து மணி வரைக்கும் அங்கேயே இருந்தோம். கட்டிக்கொண்டு போன புளிச்சாதத்தைச் சோபாவில் வைத்துச் சாப்பிட முடியாதென்று வேனில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நான் சாப்பிடவில்லை. எங்களுக்குப் பின்னால் வந்த ஒரு குடும்பம் ரூமுக்குப் போய், குளித்து, உடை மாற்றி, ஏரிக்குப் போகக் கிளம்பி எங்களைத் தாண்டிப் போனது. அதில் ஒரு சின்னப் பெண், “இவங்க ஏன் இங்கயே இருக்காங்க?” என்று கேட்டாள்.

அப்போதும் என் கவலை எதைப் பற்றித் தெரியுமா? இனி சம்பந்தியம்மா இதை எத்தனை விசேஷத்தில் சொல்வார் என்பதைப் பற்றி. தாராபுரத்திலிருந்து ஒருவர் பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறார் என்பது என் மனசில் இல்லை. அவர் உள்ளே வந்த பிறகுதான் வந்தது.

ஐந்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வந்தார். வேட்டி, பழுப்பு ஸ்வெட்டர், தலையில் துண்டைச் சுற்றியிருந்தார். கையில் ஜவுளிக்கடைப் பை. ஸ்வெட்டர் தோளெல்லாம் நனைந்திருந்தது. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என் முகம் அவருக்குத் தெரியாது இல்லையா, நான்தான் காட்டவில்லையே. சுமித்ராவிடம் போய் நின்று, “நீங்கதானுங்களா அம்மிணி, மேகலா?” என்றார். நான் எழுந்து நானென்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சுமித்ரா கையைக் காட்டினாள்.

“சின்னப் புள்ளையா இருக்கறீங்க” என்றார். “போன்ல கேக்கறப்ப பெரிய ஆபீசர்னு நெனச்சேன்.” பையிலிருந்து அட்வான்ஸ் பணம் வைத்த கவரை எடுத்து என்னிடம் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

மேனேஜர் வந்தார். “சார், போன்ல தங்கச்சி குடும்பம்னீங்க. பத்திரத்துல வாடகைன்னு எழுதியிருக்கீங்க. நான் எதை எடுத்துக்கறது?”

அவர் பத்திரத்தை வாங்கி, தூரமாகப் பிடித்துப் பார்த்தார், வேறு யாரோ எழுதியதைப் படிக்கிற மாதிரி. “எழுத்து என்னுதுதானுங்க. அந்தப் புள்ளை மேல தப்பில்லீங்க. காலம் அப்படி இருக்குது, பயந்துக்கிட்டுக் கேட்டுச்சு. நாந்தான் எழுதாம இருந்திருக்கோணும்.”

“அப்ப மெம்பர்ஷிப் போயிடும் சார். என்னால ஒண்ணும் செய்ய முடியாது.”

“சரிங்க.” தலையாட்டினார். மறுபடியும் தலையாட்டினார். “கார்டை மட்டும் நான் வெச்சுக்கலாமுங்களா? அது செல்லாட்டியும் பரவால்லீங்க. வீட்டுல கேக்கும்.”

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். அவர் எனக்காக இன்னொரு தடவை கதவைத் திறந்து வைத்தார் என்று இப்போது தெரிகிறது. “மேடம், கடைசியாக் கேக்கறேன். இவர் உங்களுக்கு என்ன வேணும்?”

மாமா என்று ஒரு வார்த்தை. தெருவில் போகிறவரைக் கூப்பிடுகிற வார்த்தை. வேன் டிரைவரைக் காலையிலிருந்து அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டு வந்தேன்.

“ஓனர்” என்றேன்.

ஒரு வருஷம் ஆகிறது. அவர் நம்பர் இன்னும் என் போனில் இருக்கிறது, ‘தெய்வசிகாமணி டைம்ஷேர்’ என்று. ஒரு தடவையாவது கூப்பிட வேண்டும் என்று இருக்கிறது. பேச வராது. எழுதலாமென்று ஆரம்பித்து, சார் என்று போட்டு நிறுத்தி வைத்திருக்கிறேன்.

டீ ஆறிவிட்டது, குடியுங்கள். இன்னும் கொஞ்சம்தான்.

நான் ஓனர் என்று சொன்னதும் அம்மா பாதி எழுந்து, என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடியும் உட்கார்ந்தார். அப்போது சம்பந்தியம்மா குழந்தையைச் சுமித்ராவிடம் கொடுத்தார். எழுந்தார். கொசுவத்தை உதறிச் சரிசெய்துகொண்டு மேஜைக்கு வந்தார். முடிந்தது, இப்போது நம் மானத்தை மேனேஜர் வரைக்கும் கொண்டுபோகப் போகிறார் என்று நினைத்தேன்.

“ஏனுங்க தம்பி, உங்க வீட்டுல மாமனுக்கும் மருமவளுக்கும் சண்டையே வந்ததில்லீங்களா?” என்று மேனேஜரைக் கேட்டார்.

“மேடம், நீங்க…”

“நான் இந்தப் புள்ளையோட அக்காளுக்கு மாமியாருங்க. இது அவ மாமன். காசு விசயத்துல ரெண்டு பேருக்கும் மனஸ்தாபம். புள்ளை வீம்புக்குப் பத்திரம் கேட்டுச்சு, மாமன் வீம்புக்கு எழுதிக் குடுத்துட்டாரு. படிச்ச புள்ளைங்கல்லாம் இப்ப இப்படித்தானுங்க இருக்குது. என் பையன் கல்யாணத்துல பொண்ணுக்குப் பட்டம் கட்டுன மாமன் இவரு. நான் பக்கத்துல நின்னு பாத்தேன். நீங்க என்னடான்னா, யாருன்னு அதுங்கிட்டப் போயிக் கேக்கறீங்க.”

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டுவது தாய்மாமன்தான், டீச்சர். சுமித்ராவுக்கு மாமன் இல்லாததால் தூரத்து உறவில் ஒருவரைக் கூட்டிவந்து கட்ட வைத்தோம். அவர் ஒல்லியாக, உயரமாக, மீசையோடு இருப்பார். சம்பந்தியம்மா உண்மையிலேயே பக்கத்தில் நின்றுதான் பார்த்தார்.

தெய்வசிகாமணி ஏதோ சொல்ல வாயெடுத்தார். “அண்ணா, நீங்க சும்மா இருங்க. பஸ்ஸுல வந்தவரு, போயி உக்காருங்க. சம்பந்தி, உங்க அண்ணனுக்குத் தண்ணி குடுங்க” என்றார் சம்பந்தியம்மா. அம்மா ஓடினார்.

மேனேஜர் மேஜையில் இருந்த பத்திரத்தைத் தொடாமல் அங்கேயே விட்டுவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சம்பந்தியம்மா அதை எடுத்தார். நான் கையை நீட்டினேன். ஆமாம், டீச்சர், அப்போதும் நீட்டினேன். அவர் என் கையை ஒதுக்கிவிட்டு அதை இரண்டாகக் கிழித்து, நாலாகக் கிழித்து, தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தார்.

“எங்க கையெழுத்துப் போடோணும்னு சொல்லு கண்ணு” என்றார் ஜெபமலரிடம்.

ஜெபமலர் ரிஜிஸ்டரைத் திருப்பி வைத்தாள். சம்பந்தியம்மா மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பேனா எழுதவில்லை. உதறினார். பெயர் என்ற இடத்தில் எழுத்துக் கூட்டித் தன் பெயரை எழுதினார். ஊர் என்ற இடத்தில் பொள்ளாச்சி என்று எழுதினார். மெம்பருக்கு என்ன உறவு என்று கேட்டிருந்த கடைசிக் கட்டத்தில், சம்பந்தி என்று எழுதினார்.